சாப்பாட்டு வேளைக் கோளாறு

எதற்கும் இருக்கட்டும் என்று சற்குணம் வீட்டுக் கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாக ஏற்றினார். அவை ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொண்டதில் கணினி இடித்த புளி மாதிரி உட்கார்ந்துவிட்டது. "ரெண்டு போலீஸக் காவலுக்கு வச்சீங்களாக்கும்" என்று மனைவி பூங்கோதை சமையலறையிலிருந்து சிரித்தாள். அவர் மருந்து தேடிய நோய் பழையது. பல வருடமாக, இரவுச் சாப்பாட்டு வேளை வந்ததும் திரை உறைந்துவிடும், எதைத் தட்டினாலும் அரைமணி நேரம் அசையாது. அவரும் வேறு வழியில்லாமல் எழுந்துபோய்ச் சாப்பிட உட்காருவார். கணினியைத் திட்டியபடியே சாப்பிடுவார், பூங்கோதை ரசம் ஊற்றியவாறு கேட்டுக்கொண்டிருப்பாள். இருவரும் முகம் பார்த்துப் பேசுவது அப்போது மட்டும்தான். காரணம் கேட்டால் கணினிக் கடைக்காரர் "சூடாயிருக்கும் சார்" என்றார். அலுவலக நண்பர் "வயசாயிடுச்சுல்ல" என்றார், யாருக்கு என்று சொல்லவில்லை. இரண்டு ஆன்டிவைரஸ்களையும் நீக்கிவிட்டு மூன்றாவதாக ஒன்றைச் சோதித்தார். அது ஒரே ஒரு கோப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, அழிக்கவா என்று கேட்டது. கோப்பின் பெயர் 'அப்பாவுக்கு'. வெளியூரில் வேலையிலிருக்கும் மகள் நறுமுகையைப் போனில் அழைத்தார். "ஏம்மா, இது வைரஸா? அழிச்சிரட்டுமா?" உள்ளே பூங்கோதை இரண்டு தட்டுகளை எடுத்துவைக்கும் ஓசை கேட்டது. "வைரஸ்தாம்பா. காலேஜ்ல படிக்கிறப்ப நாந்தான் எழுதிப் போட்டேன். அழிச்சீங்கன்னா அம்மா தனியா சாப்பிடுவாங்க."