பாதி கிழித்த மூடி

எவரிஸ்தோவின் ஓவியக் கண்காட்சியில் வாஹாகா நகரமே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு படத்தில் சோளத் தெய்வம் பர்கர் வாங்க வரிசையில் நின்றாள். இன்னொன்றில் ஒருத்தி அம்மியில் சிப்ஸ் பாக்கெட்டை அரைத்துக்கொண்டிருந்தாள்.

நகர ஓவியப் போட்டியின் முதல் பரிசு கடைசிப் படத்துக்குத்தான். இறந்தவர்கள் வீடு தேடி வரும் திருநாளுக்கான படையல். துலுக்கச் சாமந்தி, மெழுகுவத்தி எல்லாம் முறைப்படி. மோலே குழம்பும் சோளக் கொழுக்கட்டையும் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு கோலா பாட்டில், ஒரு கப் நூடுல்ஸ்.

"செத்தவங்களைக்கூட விட்டு வைக்கலையே! என்ன குசும்புய்யா உங்களுக்கு!" நடுவர் ஒதிலியா அம்மாள் அவன் தோளில் தட்டினாள்.

"நன்றிங்க." கொடுத்த மெஸ்கால் மதுக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமலே நின்றான் எவரிஸ்தோ.

"இந்தக் கண்றாவியெல்லாம் உங்க வீட்டுக்குள்ள நுழைய விடமாட்டீங்களாமே?"

"விட்டதில்லீங்க. ஒருதடவை கையிலிருந்து பிடுங்கிச் சாக்கடையில கொட்டியிருக்கேன்."

"அப்படிப் போடுங்க! அந்த நூடுல்ஸ் மூடியைப் பாதி கிழிச்சு வச்சிருக்கீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க. பேராசையில பொளந்த வாய் மாதிரி. அதானே அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எங்க வீட்டுப் படையலைப் பார்த்து அப்படியே வரைஞ்சேன். வர்றவங்க ஆசைப்பட்டதைத்தானே வைக்கணும்?"

ஒதிலியாவின் சிரிப்பு நின்றது. "அப்போ... அந்த மூடி?"

"எம் பொண்ணுக்கு ஆறு வயசுங்க. அவளுக்குத் தானா கிழிக்க வராது."