தாயில்லாக் குஞ்சுகள்

"அவ ஓடிப்போன மறுநாள்தான் அண்ணி இதுங்க பொரிஞ்சுது" என்றபடி அட்டைப் பெட்டியைச் சாய்த்தான் தங்கையின் கணவன். குஞ்சுகள் கீச்கீச்சென்று கூடமெங்கும் சிதறின.

அக்காவுக்குத் தலை நிமிரவில்லை. தங்கை எவனோடோ போய்விட்டாள் என்று இவன் போனில் அழுததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள். ஆனாலும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சொல்லாமல் கொள்ளாமல் போகிறவளா அவள்? எங்கே இருக்கிறாளோ, உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ.

"ரொம்ப இளைச்சுட்டீங்களே தம்பி."

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அக்கா, தங்கை இருவருக்கும் ஒரே குரல். போனில் பெற்ற தாயே ஆள் மாறிப் பேசுவாள்.

"என்ன பண்றது அண்ணி, இதுங்கதான் துணை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம். இது தூங்குமூஞ்சி, நின்னுகிட்டே தூங்கும். இது சீமாட்டி, யாரையும் தொட விடாது. அதோ ரவுடி, ஸ்டோர் ரூம் கதவை விட்டு நகர மாட்டான். வீட்டுக்கே காவல்காரன்!"

பூட்டிய கதவடியில் உட்கார்ந்திருந்த ரவுடியைத் தூக்கக் குனிந்தான். நறுக்கென்று ஒரு கொத்து. விரலை உதறிக்கொண்டு அவன் சிரித்த சிரிப்பு அவளுக்கு ஏனோ பிடிக்கவில்லை.

ரேடியோ வேறு காதைக் கிழித்தது. "கொஞ்சம் குறைங்களேன் தம்பி, தலை வலிக்குது."

"வேண்டாம் அண்ணி. சத்தம் இல்லாட்டி குஞ்சுங்க மிரளுது."

சத்தத்துக்கு மிரளும் குஞ்சைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். துக்கத்தில் இருப்பவனிடம் என்ன வாக்குவாதம் என்று விட்டுவிட்டாள்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். அவன் மோட்டார் பழுது பார்க்கிறவன். புகைந்துபோன மோட்டார் ஒன்றை வண்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

"உள்ள கொண்டு வராதீங்க, நானே வரேன்" என்று கத்தினான். பிறகு இவளிடம், "நீங்க எந்திரிக்காதீங்க அண்ணி, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, தெருக்கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போனான்.

அவள் முதல் வேலையாக ரேடியோவை அணைத்தாள். வீடு கப்சிப்பென்று ஆனது. குஞ்சுகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தட்டிலிருந்த நொய்யை ஒரு கை அள்ளிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"பா... பா... பா..."

அத்தனை குஞ்சுகளும் விசுக்கென்று தலை தூக்கின. ஓட்டமாக ஓடின. ஆனால் அவளிடம் இல்லை.

தூங்குமூஞ்சிகூட விழித்துக்கொண்டது. ஒன்றையொன்று மிதித்தபடி எல்லாம் ஸ்டோர் ரூம் கதவுக்குப் பாய்ந்து, அடி இடுக்கில் அலகை நுழைத்துக்கொண்டு காத்து நின்றன. தீனி எப்போதும் அங்கிருந்துதான் வரும் என்பதுபோல.

அவள் தவழ்ந்து போய்ப் பார்த்தாள். இடுக்கில் காய்ந்த சோற்றுப் பருக்கைகள் கிடந்தன. கையில் பிடித்திருந்த நொய் தரையெல்லாம் கொட்டியது.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், தரையை ஒட்டி, யாரோ கிசுகிசுத்தார்கள்.

"அக்கா... அவர் போயிட்டாரா?"