காலி மெஷின்

"இந்த மெஷின் யாரோடது?" என்று கேட்டார் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் கமருன்னிஸா.

சூப்பர்வைசர் ஃபெபி தலை நிமிர்ந்தாள். காலர் ஓரத்தில் நூல் வெட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "ரிப்பேர் மேடம். யாரும் உக்கார்றதில்ல."

பச்சைப் பொய். நேற்று சாயங்காலம் வரை அதில் பிரகதாம்பாள் உட்கார்ந்து தைத்தாள்.

ஆற்றில் தண்ணீர் வராமல் நடவு வேலை இல்லாமல் போன வருடம் அது. மன்னார்குடியைச் சுற்றியிருந்த பெண்களுக்கு இந்த ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனிதான் கஞ்சி ஊற்றியது. பெண்கள் முப்பது பேரைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்குத் தனி அறையும் ஆயாவும் வைத்தாக வேண்டும். முதலாளி நடராசனுக்கு அந்தச் சட்டம் தலைகீழ்ப் பாடம். அதிலிருந்து நழுவுவது இன்னும் நல்ல பாடம்.

"தைக்கிறவங்க முப்பத்தோரு பேரு இருக்காங்க. ஒருத்திய நிறுத்திடும்மா" என்று நேற்றே சொல்லிவிட்டுப் போய்விட்டார். யாரை என்பதை ஃபெபியின் தலையில் கட்டிவிட்டார்.

பால் கொடுக்க மத்தியானம் வீட்டுக்கு ஓடுகிறவளைத்தான் ஃபெபி நிறுத்தினாள்.

"புள்ளைக்கு இங்கயே ரூம் வந்துட்டா ஓட மாட்டேங்க்கா" என்றாள் பிரகதாம்பாள். அந்த ரூம் வரக் கூடாது என்றுதான் உன்னை நிறுத்துகிறோம் என்று எந்த வாயால் சொல்வது? ஃபெபியும் பிள்ளை பெற்றவள்தான். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

கமருன்னிஸா வரிசை வரிசையாக நடந்து எண்ணி முடித்தார். "முப்பத்தொண்ணு. குழந்தைங்க ரூம் எங்க?"

"முப்பதுதாங்க மேடம்" என்று குழைந்தார் நடராசன். "நம்ம ஃபெபியே எண்ணிச்சு."

"ரெண்டு தடவை எண்ணினேன் மேடம்." ஃபெபி முந்திக்கொண்டு சொன்னாள். பிரகதாம்பாள் விஷயம் தெரிந்துபோய்விட்டது என்றே நினைத்தாள். "அந்தக் காலி மெஷினையும் சேத்துட்டீங்க போலிருக்கு."

"அதை நான் சேக்கல."

இன்ஸ்பெக்டர் அவள் கையிலிருந்த கத்தரியையும் காலரையும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உங்கள எண்ணினீங்களாம்மா?"