மாமனாரின் பாட்டுகள்

மாமனார் பாடிப் பதிவு செய்திருந்த பாட்டுகள் எல்லாம் லேப்டாப்பிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு ஏறிக்கொண்டிருந்தன. மருமகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டான்.

"அண்ணே, காப்பி ஆகுற வேகம் சரியில்ல. எதனாலண்ணே மெதுவாகும்?"

"பழைய கேபிளா இருக்கும். இல்லேன்னா கறுப்பு போர்ட்ல சொருகியிருப்பீங்க. நீலம்தான் வேகம்."

"வேற?"

"வைரஸ் ஸ்கேன் ஓடினாலும் இழுத்தடிக்கும்."

மருமகன் காப்பியை நிறுத்தினான். கேபிளையும் போர்ட்டையும் மாற்றி, ஸ்கேனிலும் எதையோ தட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தான்.

"இப்ப எப்படி இருக்கு?"

"பிரமாதம்ணே. ரொம்ப நன்றி."

போனை வைத்ததும் மாமியார் உள்ளே வந்தார்.

"முடிஞ்சுடுமா மாப்பிள்ளை? ஏறினதும் எல்லாப் பாட்டையும் டிவில போட்டு நம்மள உக்கார வைக்கணும்னு, அவர் ஹால்ல நாற்காலி போட்டுக்கிட்டிருக்கார். சாயங்காலம் நாங்க பஸ்ஸுக்கு வேற கிளம்பணும்."

மருமகன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பழைய கேபிள், கறுப்பு போர்ட்னு மாத்திட்டேன், ஸ்கேனும் ஓடுது அத்தை. நீங்க பஸ் ஏறுற வரைக்கும் முடியாது."

மாமியார் கதவைத் தாழிட்டுவிட்டு நிம்மதியாகக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நல்லா இருங்க மாப்பிள்ளை. கல்யாணமான நாள்லேருந்து இப்படி ஒரு வழியைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."