சாக்ஸ் போட்ட பாட்டில்

“அந்தப் பாரீஸ்காரனுக்கு மூக்கு எதுக்கு இருக்குன்னு நினைக்கிற? கண்ணாடி மாட்டிக்கத்தான்!” அன்செல்ம் மேஜையைத் தட்டிச் சிரித்தார். “தக்கை கெட்டுப்போன ஒயின் பாட்டில். நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி வாடை. நம்மூர்ல எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லிடும். அவன் ‘ஆஹா’ன்னு அடி வரைக்கும் குடிச்சிட்டுப் போறான்!”

இருபது வருடமாக அவர் சொல்லிவரும் கதைதான். இருந்தாலும் மகள் நோயெமி சிரித்தாள். அப்பா பழைய அப்பாவாக இருப்பதைப் பார்க்கத்தானே அவள் லியோனிலிருந்து வந்திருக்கிறாள்.

போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சலில் அன்செல்முக்கு ருசியும் மணமும் போய்விட்டன என்று ஊரே முணுமுணுத்தது. அவருடைய ஒயின் திராட்சைத் தோட்டத்தை விலைபேச நாளைக் காலை ஒருவன் வருகிறான்.

“நேராவே சொல்லிடறேன்ப்பா. எனக்கு இந்தத் தொழில்ல ஒண்ணும் தெரியாது. உங்க நாக்கு இருந்தா, அதை நம்பி வேலைய விட்டுட்டு வந்துடறேன். இல்லன்னா நாளைக்கு வித்துடுவோம்.”

“ஊர்க்காரங்க நாக்கு நீளமா இருந்தா, அதுக்கு என் நாக்கு என்ன பண்ணும்?” என்றார் அன்செல்ம். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. நாலு தலைமுறைத் தோட்டம் அது. விற்றுவிட்டால் காலையில் எழுந்து எங்கே போவது என்று அவருக்குத் தெரியாது.

உணவகத்துக்காரி ஜினெத், மஞ்சள் ஒயினில் காளானோடு வெந்த கோழியைக் கொண்டுவந்து வைத்தாள். பின்னாலேயே, லேபிள் தெரியாதபடி கம்பளிச் சாக்ஸ் மாட்டிய ஒரு பாட்டில் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அவள் கடை வழக்கம் அது. எந்த மலைச்சரிவில் விளைந்த ஒயின், எந்த வருடத்தது என்று குடித்தே சொல்ல வேண்டும். அன்றைக்குக் கூட்டம் நெரிந்ததால் திறந்த கையோடு பாட்டிலுக்குச் சாக்ஸை மாட்டி எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

அப்பாவுக்கும் மகளுக்கும் ஊற்றினாள். பக்கத்து மேஜையில் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினாள்.

அன்செல்ம் அவசரப்படவில்லை. ரொட்டிக் கூடையை இழுத்து, துணியை லேசாகத் தூக்கிக் குனிந்து பார்த்து, அடியில் துழாவி ஒரு துண்டை எடுத்தார். “அடியில இருக்கறதுதான் சூடா இருக்கும்” என்றார். மென்று முடித்த பிறகுதான் கிளாஸைத் தொட்டார். சுழற்றினார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

நோயெமி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

“பழைய மடத்துச் சரிவு” என்றார் அன்செல்ம். “ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. அந்த வருஷம் மழை தள்ளிப் போச்சு.”

ஜினெத் சாக்ஸை உருவினாள். பழைய மடத்துச் சரிவு. 2011. கடை முழுக்கக் கை தட்டியது. வாத்தியாரும் தட்டினார். ஒரு வாய் குடித்த கிளாஸை ஓரமாகத் தள்ளிவிட்டு, “மத்தியானம் வகுப்பு இருக்கு” என்று தண்ணீருக்கு மாறியிருந்தார்.

நோயெமிக்குக் கண் கலங்கிவிட்டது. “இப்படி ஒரு நாக்க வெச்சிக்கிட்டா விக்கலாம்னு இருந்தோம்?” தன் கிளாஸைக் காலி செய்தாள். இன்னொன்றும் ஊற்றிக்கொண்டாள். “என்னா ருசிப்பா இது! அப்படியே பழ வாசம் தூக்குது!”

கோழியைக் குழம்போடு வழித்துச் சாப்பிட்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ஜினெத் வந்தாள். ரொட்டிக் கூடையின் துணியைத் தூக்கி, அடியில் இருந்த சின்னச் சீட்டை எடுத்தாள். அதில் அவள் கையெழுத்தில் ஒரு சரிவின் பெயரும் ஒரு வருடமும் இருந்தன. நாலாக மடித்து ஏப்ரனுக்குள் போட்டாள்.

“இதோட சரி, அன்செல்ம். உன்கூடப் படிச்ச பாவத்துக்கு ஒருதரம் செஞ்சேன். அந்தப் பொண்ணு முகத்தப் பாத்து இன்னொருதரம் பொய் சொல்ல என்னால முடியாது.”

“இன்னொருதரம் வேண்டாம், ஜினெத்.” என்றார் அன்செல்ம். “எனக்கு இதுவும் தண்ணியும் ஒண்ணுதான். மார்ச் மாசத்துலேர்ந்து செத்த நாக்கு. ஆனா அவ குடிச்சதப் பாத்தியா? என் ரத்தம். என் நாக்கு அவகிட்ட போயிருக்கு. தொழில நான் சொல்லித் தர்றேன், ருசிய அவ பாத்துச் சொல்லுவா. ஒரு வருஷம் போதும், தோட்டம் பொழச்சிடும்.”

வாத்தியார் மீதி வைத்துப்போன கிளாஸ் ஜினெத் கையில் இருந்தது. அதை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு மேஜையில் வைத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே நோயெமி போனை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். “சொல்லிட்டேன்ப்பா! வேலைய விட்டுட்டேன்!” கண்ணாடி வழியாகவே கேட்டது. அன்செல்ம் அழுதுகொண்டே அவளுக்குக் கை ஆட்டினார்.

ஜினெத் அவர் காதருகே குனிந்தாள்.

“அன்செல்ம், அந்தப் பாட்டில்ல தக்கை கெட்டுப்போயிருந்துச்சு.”