அணைக்காத மைக்

ஸ்ரீவராகத்தில் பகல் மழை. அடுக்களை மேடையில் அரிசி டப்பாமீது சாய்ந்து நிற்கிற செல்போனுக்குள் அனந்தலக்ஷ்மியின் டியூஷன் குழந்தைகள் சதுரம் சதுரமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சின்ன வெள்ளைப்பலகையில் அவள் ஆங்கில வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றிலும் வினைச்சொல்லின் கீழே சிவப்புக் கோடு இழுக்கிறாள். பின்னால் குக்கர் புஸ்ஸென்கிறது. கூடத்திலிருந்து கணவன் பட்டாபியின் குரல் வருகிறது: "காப்பி கேட்டு எத்தனை நாழியாச்சு? டீச்சராக்கும், பெரிய டீச்சர். அந்தக் கருமத்தை மூடி வையேன்டீ." இந்தக் குரல் கேட்டால் அவள் விரல் தானாகப் போய் மைக்கை அணைத்துவிடும். இன்றும் போகிறது, திரையைத் தொடாமல் நிற்கிறது. விரலை மடக்கிக்கொள்கிறாள். அவன் அடுக்களை வாசலுக்கே வந்து இன்னும் உரக்கக் கத்துகிறான். திரையில் ஒரு முகமும் அசையவில்லை. "அடுத்த சென்டென்ஸ் நீங்களே சொல்லுங்கோ," என்கிறாள் அவள், போனைப் பார்த்தபடி. சுமி என்கிற மலையாளச் சிறுமியின் மெல்லிய குரல்: "அங்கிள் ஷவுட்ஸ். ஷவுட்ஸ் ஆணு வெர்ப், அல்லே மிஸ்?"

"கரெக்ட், மோளே."

அதை எழுதுகிறாள். பலகை கிறீச்சிட, அழுத்திக் கோடு இழுக்கிறாள். வாசலில் பட்டாபியின் வாய் திறந்தபடியே இருக்கிறது. சத்தம் மட்டும் வரவில்லை.