சேர்த்தவர்: சுகிர்தன்

கணினி உலகத்தில் இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளிலேயே ஆகப் பெரியது மனிதனின் கை என்று பிரசாந்தன் அறிவித்தபோது, அலுவலகத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

அந்தப் பிழையை ஒழிக்க, வேலையைத் தானாகவே செய்யும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டதாகவும் சொன்னான். நெருப்பு, வண்டிச்சில்லு, அதற்கு அடுத்தது இதுதான் என்ற தோரணையில் சொன்னான்.

கிளிநொச்சியில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கணினிக் கம்பனி அது. பின்னறைக் குளிருக்குள் சேர்வர் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பெட்டியின் வயிற்றுக்குள்ளும் பத்துப் பதினைந்து கணினிகள் இருப்பதுபோல் ஓடும். புதுப் பெட்டி வந்தால் அதைக் கம்பனியின் டொமைன் என்ற வலையமைப்பில் சேர்க்கவேண்டும். சேர்த்தால்தான் அது வீட்டு ஆள். அதுவரை தெருவில் நிற்கிற ஆள்.

அந்த வேலையைச் சுகிர்தன் கையால் செய்துகொண்டிருந்தான். பெட்டியின் பெயரை அடிப்பான். தன் பெயரை அடிப்பான். பாஸ்வேர்ட் அடிப்பான். பிழை என்று வரும். ஒன்றும் நடவாதவன்போலத் திரும்ப அடிப்பான்.

"மச்சான், நீ பாஸ்வேர்ட் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் விசுவமடுவுக்குப் போய் உன்ர அம்மாவிட்டச் சாப்பிட்டிட்டு வந்திடுவன்" என்பான் பிரசாந்தன்.

"போய்ச் சாப்பிடு. எனக்கும் கட்டிக்கொண்டு வா. வீட்டுக்குப் புதுசா ஒரு ஆள் வந்தா ஆராவது படலைக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வரத்தானேடா வேணும்."

இந்தப் பதிலைப் பிரசாந்தன் மேசை மேசையாகக் காவித்திரிந்து நடித்துக் காட்டினான். பெட்டியொன்றுக்கு முன்னால் கைகூப்பி நின்று, "வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டான். சிவரூபி அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. சுகிர்தனும் சேர்ந்து சிரித்தான்.

ஸ்கிரிப்ட் வந்தபின் அந்தக் கூத்தெல்லாம் இல்லை. பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தால் போதும். அதுவே போய்க் கதவைத் தட்டும், அதுவே உள்ளே வந்து இருக்கும்.

ஒரேயொரு சின்ன விஷயம். கதவைத் தட்டுவதற்கு ஒரு மனிதனின் கணக்கு வேண்டும். அவசரத்தில் பிரசாந்தன், பக்கத்துக் கதிரையில் இருந்தவனின் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கி ஸ்கிரிப்டுக்குள் எழுதிவிட்டான். பிறகு மாற்றலாம் என்று விட்டது, விட்டபடியே கிடந்தது.

ஆகவே, மனிதக் கை படாமல் சேர்ந்த பெட்டிகளிலும் ஒரே வாசகம்தான் இருந்தது. சேர்த்தவர்: சுகிர்தன்.

பிறகு ஒரு நாள் பொழுதுபடுகிற நேரம், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போன சுகிர்தன், முரசுமோட்டையில் நடுவீதியில் படுத்திருந்த மாட்டைக் கவனிக்கவில்லை.

மாடு மட்டும் எழும்பிப் போய்விட்டதாம்.

ஒருவர் இல்லாமற் போனால் அவருடைய கணக்கை அன்றைக்கே மூடவேண்டும் என்பது கம்பனியின் விதி. அதை எழுதியவர் கம்பனியை நடத்தும் யோகநாதன் சேர். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்தியேட்டி முடியட்டும்" என்றார். "முப்பத்தொண்டு கழியுமட்டும் ஆள் இஞ்சதான் நிக்கும். அதுக்குள்ள பூட்டக்கூடாது."

உலகத்தில் வேறெந்தக் கணினிக் கம்பனியிலும் இப்படியொரு பாதுகாப்பு விதி இராது. பிரசாந்தன்கூட அதைப்பற்றி ஒரு பகிடியும் விடவில்லை.

நேற்று அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் காரியம். எல்லோரும் வான் பிடித்து விசுவமடுவுக்குப் போனார்கள். சுகிர்தனின் அம்மா பிரசாந்தனின் இலையில் கேட்காமலே இரண்டாம் தரமும் சோறு போட்டார். அவன் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

இன்று காலை வேலை அவனுடைய மேசைக்கு வந்தது.

சுகிர்தனின் பெயரில் சேர்ந்த பெட்டிகளை வேறு கணக்கால் தொடமுடியாது. ஆகவே கணக்கை மூடுவதற்கு முன், ஒவ்வொன்றையும் சுகிர்தனின் பாஸ்வேர்ட் போட்டுக் கழற்றி, வேறொரு பெயரில் திரும்பச் சேர்க்கவேண்டும். ஸ்கிரிப்டுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஒரு வரியை மாற்றி என்டரைத் தட்டினால், தேத்தண்ணி ஆறுவதற்குள் சுகிர்தன் ஓரிடத்திலும் இல்லாமல் போய்விடுவான்.

பிரசாந்தன் வரியை மாற்றினான். பரிசோதித்துப் பார்த்தான். பச்சை காட்டியது. ஒரு பழுதும் இல்லை.

அதை மூடிவைத்துவிட்டு முதலாவது பெட்டியைத் திறந்தான். பெயரை அடித்தான். பாஸ்வேர்டை அடித்தான். கழற்றினான். சேர்த்தான். பிறகு அடுத்தது.

நடுவில் ஒரு பெட்டி, அவனும் சுகிர்தனுமாகப் படியால் தூக்கிவந்தது. திருப்பத்தில் சுவரில் இடிபட்டு, யாருடைய பிழை என்று இருவரும் பெட்டியைக் கீழே வைக்காமலே சண்டை பிடித்தார்கள். அந்தப் பெட்டியில் அவனுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

மத்தியானம் சிவரூபி அக்கா பின்னால் வந்து நின்றார்.

"என்ன தம்பி, கையால அடிக்கிறீர்? உம்மட ஸ்கிரிப்ட் பிழைச்சுப் போச்சோ?"

"ஓம் அக்கா. பிழைச்சுப் போச்சு."

அவர் திரையைப் பார்த்தார். அவனுடைய முகத்தைப் பார்க்காமல், "அப்ப ஆறுதலாச் செய்யும்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

பின்னேரம் ஒரேயொரு பெட்டி மிஞ்சியது. சுகிர்தனின் பாஸ்வேர்டைக் கேட்டது.

பிரசாந்தன் அடித்தான். பிழை என்றது.

திரும்ப அடித்தான். பிழை.

காலையிலிருந்து அடித்த பாஸ்வேர்ட், விரல்களுக்கு மனப்பாடம். கடைசி எழுத்தை மட்டும் அவை தொடாமல் வந்துகொண்டிருந்தன.